ஒன்பதாம் எண் கறுப்பு இஞ்சின்

அத்தியாயம் 14

கிளெண்டாவை மண்டப வாசலில், கொட்டுகிற மழையில், கையில் கேக் டப்பாவோடு நிறுத்திவிட்டுத்தான் போன வாரம் நாம் விடைபெற்றோம். பாவம், ஏழு நாளாக நனைந்துகொண்டிருக்கிறாள். முதலில் உள்ளே கூட்டிப் போவோம்.

ஓல்ட்ராய்ட் வீட்டுச் சங்கதி உங்களுக்குத் தெரியும். கிட் பெட்டியில் உதிரிகளாக வருகிற பித்தளைத் தகடுகளை அறுத்து, மடித்து, சால்டர் வைத்துப் பற்றவைத்து, முழங்கை நீளத்துக்கு ஒரு ரயில் இஞ்சின் ஆக்குவது கிளிஃப். அதற்கு வர்ணம் பூசி, மயிரிழை மாதிரிக் கோடு போடுவது அவர் மனைவி கிளெண்டா. ஸ்கேல்தார்ப் குட்டி ரயில் சங்கத்தின் வெள்ளிக் கோப்பையை இந்த ஜோடி ஆறு தடவை வாங்கியாகிவிட்டது. ஜோடி என்று நான் சொல்கிறேன். கோப்பையில் ஆறு இடத்திலும் 'கிளிஃபோர்ட் ஓல்ட்ராய்ட்' என்றுதான் வெட்டியிருக்கிறது.

அந்த வயிற்றெரிச்சலில்தான், வியாழன்தோறும் கிளிஃப் சங்கத்துக்குக் கிளம்பிய கையோடு, துணி துவைக்கும் அறையில் கிளெண்டா தானே ஓர் இஞ்சின் கட்டினாள். வீட்டில் மகள் ஹேசலுக்கு மட்டும் தெரியும். அந்த இஞ்சின் இன்று விடிந்ததும் ஹேசலின் காரில் மண்டபத்துக்கு வந்து, மேஜையில் ஒன்பதாம் எண்ணாக உட்கார்ந்துவிட்டது. எண் அட்டையின் பின்பக்கம் செய்தவர் பெயர் இருக்கும். முடிவு சொல்லும்வரை அட்டையை யாரும் திருப்பக்கூடாது.

"அம்மா, கேக்கை நேராப் பிடி. ரெண்டாவது தடவை சாய்க்கறே."

"என் கை நடுங்குதுடி."

"சால்டர் வைக்கும்போது நடுங்கலையே?"

"அப்ப யாரும் பாக்கலையே!"

மெதடிஸ்ட் சபை மண்டபத்துக்குள் ஈரக் கோட்டு வாசனையும் பன்றி இறைச்சி வறுபடும் வாசனையும் கலந்து அடித்தது. சுவரோரம் முழுக்கக் குட்டி ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில், மண்டபத்தின் நீளத்துக்கு, அந்த ஏற்றம், மேல்நோக்கிச் சரிந்து போகும் தண்டவாளம். அதில் சரக்கு வண்டியை இழுத்துக்கொண்டு உச்சிக்குப் போனால்தான் கோப்பை. எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் ஏறாத இஞ்சினை இந்த ஊர்க்காரர்கள் இஞ்சின் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கிளெண்டா கேக்கை டீ மேஜையில் வைக்கவில்லை, அதற்குள் கிளிஃபின் குரல் கேட்டது.

"யாரு? யாரு இதைக் கீழ போட்டது?"

ஓடினாள். கிளிஃப் தன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே மூன்று வருஷ உழைப்பு, பச்சை நிற எக்ஸ்பிரஸ் இஞ்சின். அதன் பாய்லர், பண்டிகை விருந்து சாப்பிட்ட வயிறு போல உப்பி, அடிப்பக்கத்து ஒட்டு நெடுகப் பிளந்திருந்தது. பிளவின் வழியே வெள்ளையாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது. கிளெண்டா மூச்சைப் பிடித்துப் போட்ட ஆரஞ்சுக் கோடுகள் குறுக்கே வெடித்துக் கிடந்தன.

"யாரும் தொடலைப்பா. நீங்களே பூட்டி, நீங்களே தூக்கிட்டு வந்தீங்க," என்றாள் ஹேசல்.

"அப்ப பாய்லர் தானா வெடிச்சுதாக்கும்?"

கிளெண்டா குனிந்து பார்த்தாள். பார்த்ததுமே புரிந்துவிட்டது. பித்தளை இஞ்சின் லேசு. கனம் இல்லாவிட்டால் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்காமல் வழுக்கும். அதற்காகப் பாய்லருக்குள் ஈயக் குண்டுகளைக் கொட்டி ஒட்டுவார்கள்.

"கிளிஃப், குண்டை எதை வெச்சு ஒட்டினே?"

"வெள்ளைப் பசைதான். எப்பவும் போல கொஞ்சமா இல்ல, இந்தத் தடவை நிறையவே ஊத்தினேன். ஆடக்கூடாதுன்னு."

ஈயமும் வெள்ளைப் பசையும் சேர்ந்தால் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல உப்பும் என்று இரண்டு வருஷம் முன்னால் கிளெண்டாதான் சொன்னாள். 'நீ கோட்டைப் பாத்துக்க கண்ணு, இஞ்சினை நான் பாத்துக்கறேன்' என்று அவர்தான் சொன்னார். இப்போது இருவருக்கும் அது ஞாபகம் வந்தது என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது.

"சொல்லிக்காட்டிடாத," என்றார் கிளிஃப்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதுதான் இன்னும் மோசமா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தக் கோடுகளுக்காக அவள் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் மூச்சை அடக்கியிருக்கிறாள்! ஆனால் நெஞ்சின் ஒரு மூலையில், சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், ஒரு துள்ளல். கிளிஃப் போட்டியில் இல்லை. ஒன்பதாம் எண்ணுக்கு வழி திறந்துவிட்டது.

சங்கச் செயலாளர் விக்டர் பாம்ஃபோர்த் நல்ல மனுஷன். கிளிஃப் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"கிளிஃப், சும்மா உக்காந்தா பைத்தியம் பிடிச்சிடும். எழுந்து வா. ஏத்தத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு இஞ்சினுக்கும் எண்ணெய் விட்டுச் சரிபாத்துக் குடு. நாலாம் நம்பரை நீயே ஓட்டவும் ஓட்டு."

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இந்தச் சங்கத்தில் தன் இஞ்சினைத் தானே ஓட்டக்கூடாது. தன் வீட்டாருடையது என்று தெரிந்தால் அதையும் ஓட்டக்கூடாது. ஒரு வருஷம் ஒரு மகானுபாவர், குனிந்து பார்க்கிற சாக்கில் தொப்பையாலேயே வண்டியை உச்சிவரை தள்ளிவிட்டார். அன்றிலிருந்து இந்த விதி.

நாலாம் நம்பர் என்றதும் கிளெண்டாவுக்கு உயிர் வந்தது. ஒன்பதாம் எண்ணை ஓட்டப்போவது சங்கத்து ஆள் வில்ஃப். வில்ஃபுக்கு இஞ்சினைவிட இறைச்சி பை என்கிற மாவு அப்பத்தின் மேல் ஆசை அதிகம் என்றாலும் கை நிதானமான கை.

கிளிஃப் மேஜையை ஒரு சுற்று வந்தார். கிளெண்டா டீ அண்டாவின் பின்னால் நின்று டீக் கோப்பைகளைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டு, கண்ணை அவர் முதுகிலேயே வைத்திருந்தாள். அவர் ஒன்பதாம் எண்ணுக்கு முன்னால் நின்றார்.

சரக்கு இழுக்கும் பழைய இஞ்சின். முழுக் கறுப்பு. ஒரு கோடுகூடக் கிடையாது. அவள் வேண்டுமென்றேதான் அதைத் தேர்ந்தெடுத்தாள். இந்த மாகாணத்திலேயே தன் கோட்டை அடையாளம் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் ஒருவர்தான், அவரோடுதான் தினமும் காலை உணவு சாப்பிடுகிறாள்.

"கறுப்பு!" என்றார் கிளிஃப், பக்கத்தில் நின்ற வில்ஃபிடம். "பெயின்ட் அடிக்கத் தெரியாதவன் கறுப்படிப்பான்."

கிளெண்டாவின் கையில் இருந்த கோப்பை சாஸரில் மோதியது.

"அப்பா வாயைக் கொஞ்சம் பாரேன்," என்று முணுமுணுத்தாள் ஹேசல்.

"இரு, இரு. இன்னும் பாக்கறாரு."

கிளிஃப் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, மூக்கு முட்டுகிற அளவு குனிந்தார். நிலக்கரி வண்டியின் விளிம்பில், ஆணித் தலைகள் ஒன்றுபோல வரிசையாக நின்றன. பக்கவாட்டில் புகைக்கரியும் துருவும் நிஜ மழையில் நனைந்து வழிந்தது போல வழிந்திருந்தன.

"ஆனா ஒண்ணு வில்ஃப். இவன் யாரா இருந்தாலும், எந்த ஊர்க்காரனா இருந்தாலும், என்னைவிட நல்லா ஆணி அடிச்சிருக்கான்."

ஹேசல் அம்மாவின் விலாவில் இடித்தாள். கிளெண்டாவுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட பாராட்டுகளிலேயே இதுதான் பெரியது. ஆனால் 'இவன்' என்றல்லவா சொல்கிறார் மனுஷன்!

பன்னிரண்டு மணிக்கு மேல் கூட்டம் டீ மேஜையை மொய்த்தது. பை, பட்டாணிக் கூழ், டீ, இன்னொரு டீ. கிளெண்டாவுக்கு நிமிர நேரமில்லை. ஏற்றத்தின் பக்கமிருந்து கைதட்டலும் 'ச்சே!' என்கிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. நாலாம் எண் பாதியில் நின்றுவிட்டதாம். ஆறாம் எண் உச்சியைத் தொட்டதாம்.

அப்போது பார்த்தால், வில்ஃப் அவள் முன்னால் நிற்கிறார், கையில் தட்டோடு.

"ஒரு இறைச்சி பை கிளெண்டா. குழம்பு கொஞ்சம் தாராளமா."

"வில்ஃப்! நீங்க ஒன்பதாம் நம்பரை ஓட்டணுமே?"

"கிளிஃப் ஓட்டறான். 'நீ போய் பையைச் சாப்பிடு, ஆறிடப்போவுது'ன்னான். நல்ல மனசு."

கரண்டியைக் குழம்பிலேயே போட்டுவிட்டுக் கிளெண்டா ஓடினாள். கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தபோது கிளிஃப் வேகக் குமிழைத் திருகியாகிவிட்டது. கறுப்பு இஞ்சின் கிளம்பிவிட்டது. பின்னால் சரக்குப் பெட்டிகள், எல்லாம் உலோகத்தில் வார்த்தவை, ஒவ்வொன்றும் கல் மாதிரி கனம். கடைசியில் கார்டு பெட்டி. அதன் சக்கரங்களை வேண்டுமென்றே இறுக்கி வைத்திருப்பார்கள், சோதனை சோதனையாக இருக்க வேண்டும் என்று.

நிறுத்து என்று கத்தியிருக்கலாம். என் வீட்டுக்காரர் ஓட்டக்கூடாது, அது என் இஞ்சின் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்குத்தான் யாருடையது என்று தெரியாதே, தெரியாமல் ஓட்டினால் என்ன தப்பு என்று மனசு ஒரு சால்ஜாப்பு சொன்னது. அவளும் அதைக் கேட்டுக்கொண்டாள்.

ஏற்றத்தின் அடிவாரத்தில் சக்கரங்கள் வழுக்கின. விர்ரென்று சுற்றின. வண்டி நின்றுவிட்டது.

"போச்சு," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

கிளெண்டா சக்கரங்களையே பார்த்தாள். கனம் போதவில்லையா? பசைக்குப் பயந்து, ஈயத் தகட்டைச் சுருட்டி வேறு பசையில் ஒட்டியிருந்தாள். இன்னொரு சுருள் வைத்திருக்கலாமோ?

கிளிஃப் பதறவில்லை. குமிழை மெல்ல மறுபக்கம் திருப்பினார். இஞ்சின் ஒரு விரற்கடை பின்னால் வந்தது. இறுகிய கார்டு பெட்டி நகராமல் நிற்க, மற்ற பெட்டிகள் அதன்மேல் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நெருங்கின. நடுவே இருந்த சங்கிலிகள் எல்லாம் தொய்ந்தன. இப்போது மறுபடி முன்னால். முதல் சங்கிலி இறுகி முதல் பெட்டி நகர்ந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது. மொத்தக் கனத்தையும் ஒரே மூச்சில் இழுக்காமல், ஒவ்வொரு பெட்டியாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனது இஞ்சின்.

"வா... வா என் ராசாத்தி," என்று கிளிஃப் முனகுவது கேட்டது.

பாதி ஏற்றம். முக்கால். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வழுக்கு. கூட்டம் மொத்தமும் மூச்சை இழுத்தது. சக்கரம் பிடித்துக்கொண்டது. கறுப்பு இஞ்சின் உச்சியிலிருந்த குட்டிக் கைகாட்டியைத் தாண்டி நின்றபோது, கிளெண்டா யாரென்றே தெரியாத ஒரு பெரியவரின் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தாள்.

நடுவர் ஹெஸ்கெத், மலைக்கு அந்தப் பக்கம் லங்காஷயரிலிருந்து வரவழைக்கப்பட்டவர். நம் யார்க்ஷயரில் யாரையும் அவருக்குப் பிடிக்காது, அதனால் ஓரவஞ்சனை இருக்காது என்று விக்டர் சொல்லுவார். ஹெஸ்கெத் கனைத்துக்கொண்டார்.

"ஆறாம் எண்ணும் ஏறியது, ஒன்பதும் ஏறியது. கைவேலையில் ஒன்பதுக்குப் பக்கத்தில்கூட எதுவும் வரவில்லை. இந்தப் பக்கத்து ஆட்களைப் பற்றி இப்படிச் சொல்ல எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது."

எல்லோரும் சிரிக்க, விக்டர் ஒன்பதாம் அட்டையைத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார்.

"கிளெண்டா ஓல்ட்ராய்ட்!"

கிளம்பியது பாருங்கள் சத்தம்! ஹேசல் நாற்காலி மேல் ஏறி விசில் அடித்தாள். வில்ஃப் பையும் கையுமாகக் கத்தினார். யாரோ கோப்பையை அவள் கையில் திணித்தார்கள். அவள் அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் குழம்பு ஒட்டியிருந்தது. இருக்கட்டும், இருந்துவிட்டுப் போகட்டும்!

கிளிஃப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவளைக் கட்டிப்பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஈயம், பசை, வெடித்த பாய்லர் எல்லாம் மறந்துபோயிருந்தது அவருக்கு.

"கள்ளி! இத்தனை நாளா என்கிட்டயே மறைச்சியா?"

"உனக்குக் கோபமா?"

"கோபமா? எனக்கு அப்பவே தெரியும்."

"எப்பவே?"

அவர் அவள் காதோடு குனிந்தார். "எண்ணெய் விடத் திருப்பினேன் பாரு, அடியில வயரையெல்லாம் சேத்து நூல்ல கட்டியிருக்கே. ஞாயித்துக்கிழமை மாட்டிறைச்சிச் சுருளுக்குப் போடுவியே அதே முடிச்சு. முப்பது வருஷமா அவுத்துத் தின்னவனுக்குத் தெரியாதா? அதான் வில்ஃபைப் பை சாப்பிட அனுப்பிட்டு நானே குமிழைப் புடிச்சேன். வேற எவன் ஓட்டியிருந்தாலும் அடிவாரத்துலயே நின்னிருக்கும் கண்ணு. என் கைதான் ஏத்துச்சு."

பெருமையாகத்தான் சொன்னார். ஆசையாகத்தான் சொன்னார். தான் என்ன சொன்னோம் என்று அந்த மனுஷனுக்குத் தெரியவே இல்லை.

கிளெண்டாவின் கையில் கோப்பை சட்டென்று கனத்தது. என் கைதான் ஏத்துச்சு. ஆறு தடவை அவள் கோடு போட்டாள், அவர் பெயர் ஏறியது. ஏழாவது தடவை அவள் பெயரே ஏறப்போகிறது, ஆனால் வாழ்நாள் பூராவும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், இறைச்சியை அறுக்கும்போது 'அன்னிக்கு நான் மட்டும் ஓட்டலைன்னா' என்று இவர் ஆரம்பிப்பார். விதியையும் மீறியாயிற்று. தெரிந்தே இவர் மீறினார். வாயை மூடிக்கொண்டு அவளும் மீறினாள்.

போட்டோ எடுக்கிறவர் வந்து, "இப்படிக் கொஞ்சம் திரும்புங்க மேடம்," என்றார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் கிளெண்டா. கோப்பையை மேஜையில் திரும்ப வைத்தாள். "விக்டர்! கொஞ்சம் இங்க வாங்க."

"கிளெண்டா, வேணாம்," கிளிஃபின் முகத்தில் இப்போதுதான் பயம் தெரிந்தது. "நான் தெரிஞ்சுதான் ஓட்டினேன்னு யாருக்கும் தெரியாது. விட்டுடு."

"எனக்குத் தெரியும்." குரலை உயர்த்தினாள். டீ மேஜையிலிருந்து கட்டளை போட்டுப் பழகிய குரல், கடைசி வரிசைவரை கேட்டது. "எல்லாரும் கேளுங்க. இது என் இஞ்சின்னு தெரிஞ்சேதான் இவர் ஓட்டியிருக்கார். அதனால இந்த ஓட்டம் செல்லாது. நானும் பாத்துக்கிட்டே சும்மா நின்னேன், அதுவும் தப்பு. இன்னொரு தடவை ஓட்டுவோம். யார் வேணாலும் ஓட்டட்டும், இந்த மனுஷனைத் தவிர."

மண்டபம் கொந்தளித்தது. ஏறின வண்டியை இறக்கி மறுபடி ஏத்தறதா, ஏறலைன்னா ஆறாம் நம்பருக்குக் கோப்பை போயிடுமே, கிளெண்டாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். விக்டர் தலையைச் சொறிந்தார். ஹேசல் நாற்காலியிலிருந்து குதித்தாள்.

"அம்மா! கோப்பை கையில இருந்துச்சும்மா!"

"பாதிக் கோப்பைதான்டி இருந்துச்சு. எனக்கு முழுசா வேணும்."

சொன்னபோது அவளுக்கே ஆச்சரியம், கை நடுங்கவில்லை. உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. சின்ன வயதில் மலைச்சரிவில் பனியில் சறுக்கப் பலகை மேல் உட்காரும்போது இருக்குமே, அந்த மாதிரி.

ஹெஸ்கெத் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு குமிழ் முன்னால் வந்து நின்றார்.

"எந்த இஞ்சினுக்காகவும் நான் குனிந்து கெஞ்ச மாட்டேன். பின்னால் போய் முன்னால் வரும் வித்தையெல்லாம் என்னிடம் கிடையாது. நேராகத்தான் இழுப்பேன். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் கிளெண்டா.

பெட்டிகளை ஒவ்வொன்றாக அடிவாரத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தார்கள். கிளிஃப் எட்டிப்போய்ச் சுவரோரம் நின்று, எதையும் தொட்டுவிடாமல் இருக்க இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் ஆழமாகத் திணித்துக்கொண்டார். அவர் உதடு மட்டும் அசைந்தது. கிளெண்டா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஹெஸ்கெத் குமிழைத் திருகினார். கறுப்பு இஞ்சின் சமதளத்தைக் கடந்து ஏற்றத்தின் அடிவாரத்தைத் தொட்டது. சரியாக அதே இடத்தில், சக்கரங்கள் விர்ரென்று சுற்ற ஆரம்பித்தன.

(தொடரும்)